கொட்டில் சென்று மீண்ட கிருமி

நெதர்லாந்தின் நைமேகன் நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில், 2004-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஆறு மாதப் பெண்குழந்தை ஒன்றுக்கு மார்பில் அறுவைச் சிகிச்சை செய்வதாக இருந்தது. பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியை மூக்கினுள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, அதில் ஒட்டி வந்த கிருமிகளைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது சிகிச்சைக்கு முன் செய்யப்படும் சாதாரணச் சோதனை. அதில் விசேஷமாக எதுவும் தென்படும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. ஆயினும் அந்தக் குச்சியிலிருந்து வளர்ந்தது, மெதிசிலின் முதலிய பெனிசிலின் இனத்து மருந்துகளுக்கு அடங்காததும், மருத்துவர்கள் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று சுருக்கமாகக் குறிப்பதுமான கிருமி. அக்காலத்தில் அந்நாட்டில் மருத்துவமனைக்கு வரும் பதினாயிரம் நோயாளிகளைச் சோதித்தால் மூவரிடம்தான் அது இருக்கும். அத்தனை கண்டிப்பாக அதனைத் தேடிப் பிடித்து ஒழிக்கும் விதிகளை அங்கே பல்லாண்டுகளாகக் கடைப்பிடித்து வந்தார்கள். அப்படியிருக்க, பால் மணம் மாறாத குழந்தையின் மூக்கில் அது எவ்வாறு புகுந்தது என்று பெற்றோரைச் சோதித்தபோது, அவர்களிடமும் அதே கிருமி இருந்தது. அவர்கள் செய்துவந்த தொழில் பன்றி வளர்ப்பு.

ஆண்ட்ரியாஸ் வோஸ் என்ற நுண்ணுயிரியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் இந்தச் சிறு தடயத்தைக் கைவிடாமல், அந்தப் பிரதேசத்துப் பன்றிப் பண்ணைக்காரர் 26 பேரின் மூக்கையும் தொண்டையையும் சோதித்துப் பார்த்தனர். அறுவரிடம் கிருமி இருந்தது. அதாவது நூற்றுக்கு 23 பேர், மருத்துவமனை நோயாளிகளிடம் காணப்படும் வீதத்தைப்போல் 760 மடங்குக்கும் மேல். கிருமிகளை இனம் பிரித்தறிய அக்காலத்தில் கையாண்ட முறையோ இவற்றிடம் பலிக்கவில்லை. கிருமியின் டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட ஒரு நொதியால் வெட்டினால், துண்டுகள் மின்சாரப் புலத்தில் நீளத்திற்கேற்ப ஓடிக் கோடு கோடாக நிற்கும். அந்தக் கோட்டு வரிசையே கிருமியின் கைரேகை. பன்றிக்காரர்களின் கிருமியை அந்த நொதி வெட்டவே இல்லை, ஏனெனில் நொதி வெட்டும் இடங்களையெல்லாம் கிருமி தன் சொந்த வேதிப் பூச்சால் மூடி வைத்திருந்தது. ஆகவே ‘வகைப்படாதது’ என்ற பெயரே அதற்குச் சில காலம் வழங்கிற்று. பிறகு வேறு முறையில் அதன் மரபணு எழுத்துகளை வாசித்து, சி.சி. 398 என்ற குலத்தைச் சேர்ந்தது என்று நிர்ணயித்தார்கள்.

இந்தக் குலத்தின் சரித்திரம்தான் நம் விஷயம். அதற்கு முன் கிருமியின் பொதுவான இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து அறுவை மருத்துவரான அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன், 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீழ்க்கட்டிகளின் சீழை நுண்பெருக்கியில் வைத்து நோக்கி, அதில் உருண்டை உருண்டையான கிருமிகள் திராட்சைக் குலைபோல் திரண்டிருப்பதைக் கண்டு, கிரேக்க மொழியில் திராட்சைக் குலைக்கு வழங்கும் சொல்லால் ஸ்டஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். 1884-இல் ஜெர்மானியராகிய ரோசன்பாக், தட்டில் பொன்னிறமாக வளரும் வகையைப் பிரித்து, அதற்கு ‘ஆரியஸ்’, அதாவது பொன்னிறத்தது, என்ற அடைமொழியைச் சேர்த்தார். நாம் அதனைப் பொற்கிருமி என்றே சொல்லிக்கொள்ளலாம். மனிதரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருடைய மூக்கில் அது யாதொரு துன்பமும் செய்யாமல் குடியிருக்கிறது. தோலில் கீறலோ, உடலில் அறுவைக் காயமோ, எதிர்ப்புச் சக்தியில் தளர்ச்சியோ நேர்ந்த சமயத்திலேதான் கட்டி, நிமோனியா, இரத்தம் நச்சாதல் முதலிய வியாதிகளாக உருவெடுக்கிறது. நம் ஊர்ப் பால்மாட்டுக்காரர் மடிநோய் என்று சொல்லிக் கவலைப்படும் வியாதியின் முக்கியமான காரணங்களுள் ஒன்றும் இதுவே. 1928-இல் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டபோது, பூஞ்சைக்கு அருகில் கரைந்து மறைந்தனவும் ஸ்டஃபிலோகாக்கஸ் கூட்டங்களே. பெனிசிலினுக்குத் தப்பிய கிருமிகளை அடக்க 1959-இல் மெதிசிலின் வந்தது. 1961-இலேயே அதற்கும் அடங்காதவை இங்கிலாந்தில் தென்பட்டன.

நைமேகன் செய்தியைக் கேட்டவர்கள் பன்றியின் கிருமி மனிதனைத் தொற்றிக்கொண்டது என்று உடனே முடிவுகட்டியதில் வியப்பில்லை. எலியிடமிருந்து பிளேக், மாட்டிடமிருந்து அடைப்பான், நாயிடமிருந்து வெறிநோய் என்று, விலங்கைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியே நமக்குப் பழக்கம். பன்றிக்கு இது எங்கிருந்து வந்தது என்ற எதிர்க்கேள்வியைக் கேட்டு அதற்கு விடையும் காண்பதற்கு, கிருமிகளின் மரபணுத்தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசிக்கும் வித்தை கைவர வேண்டியிருந்தது.

அந்த வித்தை செயற்படும் விதம் தமிழருக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது, ஒரே நூலின் பல ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, அடிதோறும் ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்தார்கள். ஏடெழுதியவர் ஒருவர் ஓரிடத்தில் கைதவறிச் செய்த பிழை, அந்த ஏட்டைப் பார்த்துப் பிரதி செய்தவர்களின் ஏடுகளில் எல்லாம் வழிவழியாக வந்துகொண்டிருக்கும். ஆதலால் எந்தெந்த ஏடுகளில் ஒரே பிழை காணப்படுகிறதோ, அவையெல்லாம் ஒரு மூல ஏட்டின் சந்ததிகள் என்று ஊகித்துவிடலாம். பொற்கிருமியின் மரபணு ஏடு ஏறத்தாழ 28 லட்சம் எழுத்துகளால் ஆனது. கிருமி தன்னைப் பிரதி செய்துகொள்ளும்போது நேர்ந்து நிலைத்துவிடும் பிழைகள் ஆண்டுக்குச் சில எழுத்துகளே ஆயினும், அவை பெரும்பாலும் ஒரே நிதானத்தில் சேர்ந்துகொண்டு போவதால், எது எதன் வாரிசு என்பதுடன் அவை பிரிந்த காலத்தையும் அந்தப் பிழைகளே உத்தேசமாகச் சொல்லிவிடுகின்றன.

அமெரிக்க ஆராய்ச்சியாளரான லான்ஸ் பிரைஸும் பல தேசத்துச் சகாக்களும் 19 நாடுகளில் மனிதரிடமிருந்தும் கால்நடைகளிடமிருந்தும் எடுத்த 89 கிருமிகளின் ஏடுகளை இவ்வாறு ஒப்பிட்டு, 2012-இல் சி.சி. 398-இன் வம்சவிருட்சத்தை வெளியிட்டார்கள். அந்த விருட்சத்தின் அடிக்கிளைகளில் இருந்தவை பன்றியின் கிருமிகள் அல்ல. மனிதரின் கிருமிகள், அவையும் மெதிசிலினுக்கு அடங்குகிற சாதுவான கிருமிகள். கொட்டிலில் வாழ்பவையெல்லாம் பின்னர்க் கிளைத்தவை. ஆகவே முதலில் தொற்றுக் கொடுத்தவன் மனிதன்; பெற்றுக்கொண்டது பன்றி.

இடம் மாறிய கிருமி தன் உடைமைகளில் எதை விட்டது, எதைக் கொண்டது என்பது சற்று நெருங்கி நின்று பார்க்கத் தக்கது. மனிதரிடம் வாழும் பொற்கிருமியின் மரபணுத்தொகுதிக்குள் வைரஸ் ஒன்று பதுங்கியிருப்பது பெருவழக்கு. கிருமிகளையே தொற்றும் இத்தகைய வைரஸ்களுக்குப் பேஜ் என்று பெயர். இந்தப் பேஜ் சும்மா குடியிருக்காமல் வாடகையும் கொடுக்கிறது. அதனிடமுள்ள மரபணுக்களுள் ஒன்று, நம் இரத்தத்தில் அந்நியக் கிருமிகளை அடையாளமிட்டுக் காட்டிக்கொடுக்கும் புரதக் கூட்டத்தின் வேலையை நிறுத்துகிறது. மற்றொன்று, வெள்ளணுக்களைப் போர்முனைக்கு அழைக்கும் சமிக்ஞை அவற்றின் செவியில் விழாதபடி செய்கிறது. பிறிதொன்று, கிருமியைச் சுற்றி வளைத்துச் சிறைப்படுத்தும் இரத்த உறைவைக் கரைக்கிறது. இம்மூன்றும் பெரும்பாலும் மனிதப் புரதங்களுக்கென்றே அளவெடுத்துச் செய்த சாவிகள். பன்றியின் பூட்டுகளில் அவை சரிவரச் சேர்வதில்லை. போதாக்குறைக்கு, பேஜ் குடியேறிய இடமோ கிருமியின் வேறொரு மரபணுவின் நட்டநடு. சில உயிரணுக்களின் மேலுறையைச் சிதைக்கவல்ல நஞ்சொன்றைச் செய்யும் அந்த மரபணு, இதனால் இரண்டாகப் பிளந்து பயனற்றுக் கிடந்தது. மனிதனிடத்தில் அந்த நஷ்டத்தைவிட லாபம் அதிகமாயிருந்தது. கொட்டிலிலோ லாபம் போய் நஷ்டம் மட்டும் எஞ்சியது. பேஜை உதறிய கிருமிகளில், பிளந்த மரபணு ஒட்டிக்கொண்டு மறுபடி வேலைசெய்யத் தொடங்க, அவற்றின் சந்ததிகளே கொட்டில்களில் பெருகின.

விட்டது இது, கொண்டது என்ன என்று பார்க்கையில், பொன் என்ற பெயர் மறுபடியும் குறுக்கிடுகிறது. அமெரிக்காவில் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனியில், 1940-களின் இறுதியில், மஞ்சள் நிறமான மண்ணுயிரி ஒன்றிலிருந்து ஒரு மருந்து எடுத்து, அதன் பொன்வண்ணம் பற்றி ஆரியோமைசின் என்று பெயரிட்டார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்தில் மூத்தது அதுவே. மருந்தை வடித்தெடுத்தபின் மிஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்கு ஊட்டிப் பார்த்த ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற அக்கம்பெனி விஞ்ஞானிகள் இருவர், குஞ்சுகள் வழக்கத்துக்கு மேல் கொழுத்து வளர்வதைக் கண்டு, சக்கையில் ஒட்டியிருந்த மருந்தே அதற்குக் காரணம் என்று 1950-இல் அறிவித்தார்கள். நோயற்ற பிராணிக்கு நாள்தோறும் சிறு அளவில் மருந்தூட்டிச் சதை வளர்க்கும் முறை அதன்பின் கோழியிலிருந்து பன்றிக்கும், அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கும் பரவியது. கிருமியைக் கொல்லப் போதாமலும், அதற்குப் பயிற்சி கொடுக்கப் போதுமானதாகவும் இருந்த அந்தச் சிறு அளவு, கொட்டிலைக் கிருமிகளுக்கு ஒரு சிலம்பக்கூடமாகச் செய்துவிட்டது என்றால் மிகையாகாது.

பன்றிகளிடம் சென்ற சி.சி. 398, பிரிந்து போனதை ஒட்டியே, டெட்ராசைக்ளினை எதிர்க்கும் மரபணு ஒன்றைப் பெற்றுக்கொண்டது. டெட்ராசைக்ளின் கிருமியின் புரதத் தொழிற்கூடமாகிய ரைபோசோமில் சென்று ஒட்டி வேலையை நிறுத்தும். இந்த மரபணு செய்யும் புரதம், ஒட்டிய மருந்தை நெம்பி அப்புறப்படுத்தும். இடம்விட்டு இடம் தாவவல்ல டிரான்ஸ்போசான் என்ற மரபணுத் துண்டின்மேல் ஏறி அது கிருமிக்குள் வந்தது. பின்னர், வேறு துண்டுகளின்மேல் ஏறி, மெதிசிலினை எதிர்க்கும் மரபணுவும் வந்து சேர்ந்தது. அதன் உபாயம் வேறு: பெனிசிலின் இனத்து மருந்துகள் கிருமியின் சுவரைக் கட்டும் கொத்தனின் கையைப் பிடித்துக்கொள்கின்றன, இந்த மரபணுவோ அவற்றின் பிடிக்கு அகப்படாத மாற்றுக் கொத்தனை நியமித்துவிடுகிறது. இந்த இரண்டாவது துண்டிலேயே, பல கிருமிகளில், துத்தநாகத்தைத் தாங்கும் சக்தியும் சேர்ந்திருந்தது. பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்கு வரும் கழிச்சலைத் தடுக்கத் துத்தநாக ஆக்ஸைடைத் தீவனத்தில் கலப்பது பண்ணைகளின் வழக்கமாக இருந்தது. ஆகவே மெதிசிலின் என்ற பெயரையே அறியாத கொட்டிலிலும், துத்தநாகம் கலந்த தீவனம் மெதிசிலினை எதிர்க்கும் கிருமிக்கு மறைமுகமாகத் துணைபோயிற்று.

இனி மீண்டு வந்த வழியைப் பார்ப்போம். அதில் இரண்டு படிகள் உண்டு. அவற்றை ஒன்றாகக் கலந்துவிடுவதாலேயே வீண் பீதியும் வீண் அலட்சியமும் ஒருங்கே பிறக்கின்றன. முதற்படியில் கிருமி பண்ணைக்காரரின் மூக்கில் வெறும் வழிப்போக்கனாகத் தங்குகிறது. கொட்டிலின் காற்றில் மிதக்கும் தூசியெல்லாம் கிருமி; அதனை மணிக்கணக்காக முகர்பவர் மூக்கில் அது படிவது இயல்பே. நெதர்லாந்தில் கன்றுக்குட்டிப் பண்ணைக்காரரைத் தொடர்ந்து சோதித்து 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விலங்குகளுடன் அவர்கள் பழகும் அளவைப் பொறுத்தே கிருமியின் இருப்பும் ஏறி இறங்கியது. விலங்குகளை விட்டுச் சிலகாலம் விலகியிருந்தபோது பலரிடமிருந்து அது தானே போய்விட்டது. சாவிகளைப் போட்டுவிட்டு வந்த கிருமிக்கு மனிதவீட்டின் திண்ணையில் படுக்க முடிந்ததேயன்றி உள்ளே குடும்பம் நடத்த முடியவில்லை.

இரண்டாம் படி, அந்தச் சாவிகளை மறுபடி பெறுதல். மனித மூக்கில் ஏற்கெனவே குடியிருக்கும் பொற்கிருமிகளிடம் அந்தப் பேஜ் உண்டு என்று சொன்னோம். பன்றியிடமிருந்து வந்த கிருமியும் மனிதக் கிருமியும் அருகருகே தங்க நேர்ந்தால், ஒன்றிலிருந்து வெளிப்பட்ட பேஜ் மற்றொன்றினுள் புகுந்து, மூன்று சாவிகளையும் ஒரே தாவலில் ஒப்படைத்துவிடக்கூடும். எழுத்தெழுத்தாகப் பிழை சேர்ந்து பரிணாமம் நடக்கப் பல ஆண்டுகள் செல்லும் என்ற நிதானம் இங்கே செல்லாது. ஒரு கோத்துச் சாவி கைமாறும் நேரமே போதும். கொட்டில் வம்சத்தைச் சேர்ந்தனவாயினும் பேஜை மீண்டும் பெற்ற கிருமிகள், மனிதரிடையே, அதுவும் பண்ணைப் பக்கமே போகாதவரிடத்தும், தென்பட்டிருக்கின்றன.

இந்தப் போக்குவரத்து பன்றிக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிலையத்து ராஸ் ஃபிட்ஸ்ஜெரால்டும் சகாக்களும் 2009-இல் காட்டியபடி, கோழிப்பண்ணைகளில் உலகெங்கும் பரவிய பொற்கிருமி வம்சமொன்றும் சில பதிற்றாண்டுகளுக்கு முன் மனிதனிடமிருந்து கோழிக்குச் சென்றதே. மனிதக் கிருமி ஒன்று முயலைத் தொற்றும் ஆற்றல் பெற, ஒரே மரபணுவில் ஒரே எழுத்து மாறினாலே போதும் என்று 2015-இல் வெளிவந்த ஆராய்ச்சி மெய்ப்பித்தது. இவற்றினும் விசித்திரமானது முள்ளெலியின் கதை. அதன் தோலில் வாழும் பூஞ்சை ஒன்று பெனிசிலின் போன்ற பொருள்களைச் சுரப்பதால், அங்கே உடன்வாழும் பொற்கிருமிகளில் சில, மனிதன் மருந்து காண்பதற்கு வெகுகாலம் முன்பே மெதிசிலின் எதிர்ப்பைப் பெற்றிருந்தன என்று 2022-இல் தெரியவந்தது. எதிர்ப்புச் சக்தியை நாம் சிருஷ்டிக்கவில்லை. ஆனால் முள்ளெலியின் தோலில் ஒதுங்கிக் கிடக்கக்கூடிய ஒரு சக்திக்கு, கோடிக்கணக்கான பன்றிகளை நெருக்கி அடைத்த கொட்டில்களையும், நாள்தோறும் மருந்து கலந்த தீவனத்தையும் அமைத்துக் கொடுத்தவர்கள் நாமே.

அப்படியானால் தீவனத்து மருந்தை நிறுத்திவிட்டால் கிருமி பழையபடி சாதுவாகிவிடாதா என்று கேட்கலாம். பயனற்ற சுமையை உயிர்கள் இறக்கிவைத்துவிடும் என்பது பரிணாம சாஸ்திரத்தின் நியாயமான எதிர்பார்ப்பு. பேஜை அவை இறக்கிவைத்ததை நாமும் கண்டோம். வளர்ச்சிக்காக மருந்தூட்டுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து முற்றிலும் தடுத்தது. துத்தநாக ஆக்ஸைடை மருந்தாகக் கொடுப்பதும் 2022 ஜூன் முதல் நின்றது. ஆனால் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சி.சி. 398 கிருமிகளின் ஏடுகளைப் படித்து அதே 2022-இல் வெளியிட்ட முடிவு நம்மைச் சற்று நிதானிக்கச் செய்கிறது. கொட்டில் வம்சம் பிரிந்தது 1960-களின் நடுப்பகுதியை ஒட்டி என்று அவர்கள் கணித்தார்கள். அன்று முதல் இன்றுவரை, மருந்துக் கொள்கைகள் எத்தனையோ மாறியும், டெட்ராசைக்ளின் எதிர்ப்பை ஏந்திய டிரான்ஸ்போசானை அந்த வம்சம் விடவே இல்லை என்று சொல்லும்படி அது நிலைத்திருக்கிறது. மனிதனிடம் வாழ உதவும் பேஜோ அடிக்கடி வருகிறது, அடிக்கடி போகிறது. கொட்டிலுக்கும் வீட்டுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் உடையாக ஒன்றும், எங்கே போனாலும் கழற்றாத கவசமாக மற்றொன்றும் ஆகிவிட்டன. மனிதனுக்கு ஆபத்து இந்த ஏற்றத்தாழ்விலேதான் இருக்கிறது: பன்றியிடம் போகும்போது கிருமி நம்மைத் தாக்கும் கருவியை எளிதில் இழந்தது, திரும்பி வரும்போது எளிதில் பெறுகிறது, இடையில் நாம் ஊட்டிய மருந்தால் பெற்ற கவசத்தை மட்டும் அது எளிதில் இழப்பதில்லை.

ஆதலால் காலம் தாழ்த்துவோருக்கும் முந்திக்கொள்வோருக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிதாகிறது. பன்றி வளர்ப்பில் பேர்பெற்ற டென்மார்க்கில், 2014-இல் சோதித்த பண்ணைகளில் நூற்றுக்கு 68-இல் இக்கிருமி இருந்தது; 2016-இல் அது 88 ஆயிற்று. அண்டைநாடாகிய நார்வேயோ, கிருமி வேரூன்றுவதற்கு முன்னரே 2013-இலிருந்து கண்டிப்பான முறையைக் கையாண்டது. கிருமி கண்ட பண்ணையில் பன்றிகளையெல்லாம் அப்புறப்படுத்தி, கொட்டிலைக் கழுவி மருந்திட்டு, புதிய மந்தையைக் கொண்டுவந்து சேர்ப்பது அந்த முறை. செலவு மிகுந்ததாயினும் அங்கே அது பலித்தது. அந்நாட்டுப் பண்ணைகளுக்குக் கிருமி வந்த வழியை ஆராய்ந்தபோது, புதிதாகக் கொண்டுவந்து புகுத்தியவர்கள் பெரும்பாலும் மனிதர்கள் என்றே தெரிந்தது. முதற் பயணத்தில் நடந்ததே மறுபடியும் நடந்திருக்கிறது.

நெதர்லாந்தின் மருத்துவமனைகளில் இப்போது நோயாளியைச் சேர்க்கும்போதே, பன்றியோ கறிக்கன்றோ வளர்க்கும் இடத்தோடு தொடர்பு உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு என்பவரைத் தனி அறையில் வைத்து, அந்தப் பழைய பஞ்சுக் குச்சியை மூக்கில் சுழற்றி எடுத்து, விடை வரும்வரை காத்திருக்கிறார்கள். அந்தக் குடியானவருக்கு இது தம்மேல் விழுந்த பழியாகவே தோன்றும். தட்டில் வளரப்போகும் கிருமியின் ஏட்டைப் பிரித்துப் படித்தால், அதில் அவருடைய கொட்டிலின் கையெழுத்து சில வரிகளே; மனித மூக்கிலிருந்து அது புறப்பட்ட நாளும், ஒரு மருந்துக் கம்பெனியின் சக்கையைக் கோழிக்குஞ்சுகள் கொத்தித் தின்ற நாளின் பின்விளைவும், மலிவான இறைச்சியை விரும்பிய நகரத்தார் அனைவரின் பங்கும் அதே ஏட்டில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.